பங்கசு நோயும் பிறபொருளெதிரியும்

உடலுட் புகுந்த நோய்க்கிருமியைப் பற்றிக்கொள்ளும் புரதமே பிறபொருளெதிரி எனப்படும். அது மிகுந்தோறும் காவலும் மிகும் என எண்ணுதல் இயல்பு. பங்கசு நோய்கள் அவ்வெண்ணத்தைத் திருத்துகின்றன.

புறாவின் எச்சத்திலும் மண்ணிலும் வாழும் கிரிப்டோகொக்கசு என்னும் பங்கசு, மூச்சுவழி நுரையீரலை அடைந்து, எதிர்ப்பாற்றல் குன்றியோரின் மூளையையும் தாக்கும். சருக்கரைப் பொருளாலாய அதன் புறவுறை, தின்குழியங்கள் அதனை விழுங்காவண்ணம் தடுக்கின்றது. அவ்வுறையிற் பிறபொருளெதிரி படிந்தால் விழுங்குதல் எளிதாகும்.

எனினும், சுண்டெலிகளிற் செய்யப்பட்டு 1995 இல் வெளியான ஆய்வொன்று வேறோர் உண்மையை உணர்த்திற்று. பங்கசைப் பற்றும் முனை ஒன்றேயாயினும், ஐஜிஜி 3 வகைப் பிறபொருளெதிரி உயிரைக் காக்கவில்லை. ஐஜிஜி 1 வகையாக மாறியதும் அதுவே காத்தது. காக்கும் வகையும் அளவு மிஞ்சியவிடத்துப் பயனிழந்தமை பின்னர்ப் புலனாயிற்று.

ஆகவே, தடுப்பூசி ஆக்க முயல்வோர்க்குப் பிறபொருளெதிரி மிகுந்ததா என நோக்குதல் மட்டும் போதாது. அஃது எவ்வகையது, எவ்வளவில் நன்மை பயப்பது என்பனவும் ஆராயற்பாலன.