பூட்டில்லாப் புத்தகம் – 9: சின்னத்தம்பியின் நோட்டு

2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியதும் காசு கொடுத்து வாங்கியவர்களின் புத்தகங்களும் சேர்ந்தே காணாமல் போன கதையைப் போன வாரம் படித்திருப்பீர்கள். மின்னூலை விற்ற கடையோடு கட்டிப்போடும் டிஆர்எம் என்ற பூட்டின் லட்சணம் அது. இந்த வாரம் விலையைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் நான்கு நாளாக இடமலைக்குடியை விட்டு மனம் நகர மறுக்கிறது.

இடுக்கி மாவட்டத்தில் காட்டுக்குள் இருக்கும் முதுவர்களின் ஊர் அது. கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி, 2010-இல் உருவானது. அங்கே இருப்புக்கல்லக்குடியில் பி.வி. சின்னத்தம்பி சின்னதாக ஒரு டீக்கடை வைத்திருந்தார். கடைக்குள்ளேயே நூலகம். 160 புத்தகங்கள், அத்தனையும் சாக்குப்பையில்! பத்திரிகையாளர் பி. சாய்நாத் காட்டு வழியே நடந்துபோய்ப் பார்த்துவிட்டு 2014-இல் எழுதினார். அந்தச் சாக்குகளுக்குள் பஷீர், எம்.டி. வாசுதேவன் நாயர், கமலா தாஸ் என மலையாள எழுத்தாளர்களின் நூல்கள், மலையாளத்தில் சிலப்பதிகாரம். உறுப்பினராக ஒரே முறை 25 ரூபாய், பிறகு மாதம் 2 ரூபாய். மலையேறிக் களைத்து வரும் வாசகருக்குக் கட்டன் சாயா இலவசம். மிக்சருக்கும் பிஸ்கட்டுக்கும்தான் காசு.

யார், எந்தப் புத்தகத்தை, எந்தத் தேதியில் எடுத்துப்போனார் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார் சின்னத்தம்பி. 2013-இல் 37 புத்தகங்கள் வெளியே போயின. அலமாரி கிடையாது, சாவி கிடையாது. பெயர் எழுதினால் போதும்.

சொந்தமாக மின்னூல் விற்பவருக்கு நான் சொல்ல நினைப்பதும் இதைத்தான். கோப்பைப் பூட்டாதீர்கள். முதல் பக்கத்தில் வாங்கியவர் பெயரை எழுதுங்கள். சிகில் என்ற இலவச மென்பொருளில் ஈபப் வடிவ மின்னூல் கோப்பைத் திறந்து ஒரு வரி சேர்க்க இரண்டு நிமிடம் ஆகும். 2012-இல் ஹாரி பாட்டர் மின்னூல்கள் பாட்டர்மோர் தளத்தில் விற்பனைக்கு வந்தபோது அங்கேயும் இதே வழிதான்: பூட்டு இல்லை, வாங்கியவரை அடையாளம் காட்டும் குறி மட்டும் கோப்புக்குள் இருந்தது. தன் பெயர் பொறித்த புத்தகத்தை ஊருக்கெல்லாம் அனுப்ப யாருக்கும் கை கூசும். தம்பிக்கோ தோழிக்கோ கொடுத்தால் கொடுக்கட்டும். அச்சுப் புத்தகமும் அப்படித்தானே கைமாறுகிறது?

கேரளத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, தேவிகுளம் பக்கத்துத் தமிழ் வாசகர்களை நினைத்தே இதை எழுதுகிறேன். தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றால் பொள்ளாச்சிக்கோ போடிக்கோ பஸ் ஏற வேண்டியவர்கள் அவர்களில் பலர். சிக்னல் விட்டுவிட்டு வரும் எஸ்டேட்டில் பூட்டிய கோப்பு, கணக்கைச் சரிபார்க்க இணையம் கேட்டு நிற்கலாம். பூட்டில்லாத கோப்பை ஒருமுறை இறக்கிவிட்டால் எந்த போனிலும் திறக்கும்.

அமேசானின் கிண்டிலில் விற்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நூலை ஏற்றும்போதே பூட்டு வேண்டாம் என்று தேர்வு செய்ய முடியும். ஆனால் இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்னூலை வேறெங்கும் விற்கக்கூடாது, சொந்த வாட்ஸ்அப்பில்கூட. பூட்டைவிட இந்த நிபந்தனைதான் எழுத்தாளரின் கையைக் கட்டுகிறது.

விலையும், அச்சில் வராத மின்னூலுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி என்ற விவகாரமும் அடுத்த வாரம். அதற்குள் உங்கள் கோப்பின் முதல் பக்கத்தில் ஒரு பெயருக்கு இடம் விட்டு வையுங்கள்.