தரை இல்லாத மரம்

டீ ஆறுவதற்குள் ஒரு படத்தை நிதானமாகப் பார்ப்போம். கைப்பேசி உறையிலும் நாட்காட்டியிலும் நீங்கள் பலமுறை பார்த்திருக்கக்கூடிய படம்தான்: நீல வானம், கோணல்மாணலான கிளைகள், வெள்ளைப் பூக்கள். வின்சென்ட் வான்கோ வரைந்த ‘பாதாம் பூக்கள்’.

முதலில் தரையைத் தேடுங்கள். கிடைக்காது. அடிமரமும் கிடையாது. கிளைகள் படத்தின் விளிம்பிலிருந்து கிளம்பி வானத்தில் பரவுகின்றன. அப்படியென்றால் பார்ப்பவர் எங்கே இருக்கிறார்? மரத்தடியில் மல்லாந்து படுத்திருக்கிறார். தொட்டில் குழந்தையின் பார்வை இது என்றுதான் எனக்குத் தோன்றும். அப்படித் தோன்றக் காரணம் உண்டு.

1890 ஜனவரி 31-ஆம் தேதி வான்கோவின் தம்பி தியோவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பெரியப்பாவின் பெயரையே வைத்தார்கள்: வின்சென்ட். பெரியப்பா அப்போது தென்பிரான்சில் சேன்ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தார். தம்பியின் படுக்கையறையில் மாட்டுவதற்காக இதை வரையத் தொடங்கினார். அந்தப் பக்கத்தில் குளிர் முழுதாக விலகுமுன், இலைகூடத் துளிர்க்காத கிளையில் பூத்துவிடுவது பாதாம். குழந்தை பிறந்த வீட்டுக்கு அனுப்ப இதைவிடப் பொருத்தமான பூ ஏது?

ரோஜா என்றால் காதல், அல்லி என்றால் தூய்மை என்று அகராதிபோல் பொருள் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பொருள் பூவில் மட்டும் இல்லை. அது எதன்மேல் பூத்திருக்கிறது, பக்கத்தில் என்ன நிறம் என்பதிலும் இருக்கிறது. இங்கே கிளையைக் கவனியுங்கள். முண்டும் முடிச்சுமாக, வயதான கை போல. அதிலிருந்துதான் இத்தனை மெல்லிய இதழ்கள். சில மொட்டாக, சில பாதி விரிந்து, சில முழுதாக மலர்ந்து. கிளையைச் சுற்றி ஓடும் அழுத்தமான கோடு, அண்ணனும் தம்பியும் ஆசையாகச் சேகரித்த ஜப்பானிய மர அச்சுப் படங்களிலிருந்து வந்தது. பின்னால் நிழலோ மேகமோ குறுக்கிடாத நீலம். நம் மனதை அமைதிப்படுத்துவது அந்த நீலம்தான்.

ஆனால் வரைந்தவருக்கு அந்த அமைதி நீடிக்கவில்லை. இந்தப் படத்தை அத்தனை பொறுமையாக வரைந்த கையோடு நோய் மீண்டும் அவரைத் தாக்கியது. தேறி எழுந்தபோது பூக்காலம் ஏறக்குறைய முடிந்திருந்தது. ஜூலை 29-இல் இறந்துபோனார். ஆறே மாதத்தில் தம்பியும் போய்விட்டார்.

படம் குடும்பத்திடமே இருந்தது. குழந்தை வளர்ந்து பொறியாளரானார். குடும்பத்திலிருந்த ஓவியங்களை ஓர் அறக்கட்டளைக்கு ஒப்படைத்தார். 1973-இல் ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இந்தப் பூக்களும் அங்கேதான் இருக்கின்றன. திறப்பு விழா நடந்தபோது அந்தக் குழந்தைக்கு வயது 83.