வள்ளத்துக்குச் சோலர் வாங்குகிறவர்களே, பில்லைக் கேட்டு வாங்குங்கள்

நாச்சிக்குடாக் கரையில் இழுத்து விட்டிருந்த பாய் வள்ளம் ஒன்றைப் போன மாதம் பார்த்தேன். வீட்டுக் கூரைக்கென்று செய்த சோலர் பனலை அணியத்தோடு சேர்த்து, பலகையைத் துளைத்து, சாதாரண இரும்பு ஆணியால் இறுக்கியிருந்தார்கள். ஆணி துருவேறி, துளையால் தண்ணீர் இறங்கி, பலகை ஊறிப்போயிருந்தது. பனலின் முதுகில் உள்ள சின்னப் பெட்டியைத் திறந்தால் வயர் முனையெல்லாம் பச்சைக் களிம்பு.

"பில் இருக்கோ அண்ணை?"

"தெரிஞ்ச கடைதானே தம்பி, பில் என்னத்துக்கு?"

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இரணைதீவுக்குப் போய்வருகிறவர்களிடமும் கேட்டேன், நந்திக்கடலில் இறாலுக்குப் போகிறவர்களிடமும் கேட்டேன். இதே கதைதான். 2022 ஆகஸ்டில் 87 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாயானது. அந்த அடியை வாங்கியவர்கள் சோலர் என்ற சொல்லில் மயங்குவதில் வியப்பில்லை. அந்த மயக்கத்தை விற்றுக் காசாக்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் கவலை.

முதலில் ஒரு பொய்யை உடைக்க வேண்டும். "இந்தப் பனலைப் போட்டால் எஞ்சினுக்கு எண்ணெய் தேவையில்லை" என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள். 9.9 குதிரைவலு எஞ்சின் ஏறத்தாழ 7,400 வாற் வலு தருவது. நூறு வாற் பனல் என்றால், உச்சி வெயிலிலும் 74 பனல் வேண்டும். பாய் வள்ளத்தில் பனலுக்கு உள்ள வேலை வேறு: இரவில் ஒரு விளக்கு, திசை காட்ட ஜீபிஎஸ், ஆபத்தில் கரைக்குப் பேச ஒரு போன். ஐந்து வாற் எல்ஈடி விளக்கு பத்து மணி நேரம் எரிய 50 வாற்-மணி போதும். ஜீபிஎஸ்ஸுக்கு இன்னொரு 50, போனுக்குப் பத்தோ பதினைந்தோ. எங்கள் வெயிலுக்கு 50 வாற் பனலும் 12 வோல்ற் 20 ஆம்பியர்-மணி பற்றரியும் இதற்குத் தாராளம். அதற்கு மேல் விற்கப் பார்த்தால் ஏன் என்று கேளுங்கள்.

அந்த ஒரு விளக்கைச் சின்ன விடயமாக நினைக்க வேண்டாம். ஏழு மீற்றருக்குக் குறைந்த பாய் வள்ளத்தில் நிறப் பக்க விளக்குகள் பூட்ட வசதியில்லாவிட்டாலும், மோதல் வராமல் முன்கூட்டியே காட்ட ஒரு வெள்ளை வெளிச்சம் கையில் இருக்க வேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி. ஆனால் அதே விளக்கைப் பெருக்கி மீனைக் கூட்டப் பாவிக்காதீர்கள். ஒளி பாய்ச்சி மீன்பிடிப்பதை எதிர்த்து வீதிக்கு இறங்கிய மாவட்டம் முல்லைத்தீவு. சோலர் என்பதால் அந்தத் தொழில் நியாயமாகிவிடாது.

பூட்டும்போது மூன்று விடயம் பாருங்கள். பாயின் நிழல் பனலின் ஒரு மூலையில் விழுந்தாலே மின்சாரம் பாதிக்கு மேல் விழுந்துவிடும், உள்ளே செல்கள் சங்கிலி போலக் கோத்திருப்பதால். பனலை உயரத்தில் நட்டால் சோளகத்தில் அது இன்னொரு பாயாகி வள்ளத்தைச் சாய்க்கும், தாழ்வாகக் கட்டுங்கள். மூன்றாவது பியூஸ். பற்றரியின் நேர் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். பியூஸ் இல்லாத வயர் உரசி ஒன்றோடொன்று தொட்டால் கம்பி பழுத்துச் சிவக்கும், பக்கத்தில் மண்ணெண்ணெய்க் கான் இருக்கும். அமிலப் பற்றரிக்குள் கடல்நீர் போனால் மூச்சை எரிக்கும் குளோரின் வாயு வரும். ஆகவே பற்றரியை நீர் புகாத, ஆனால் மேலே காற்றுப் போகும் பெட்டியில் வையுங்கள். பியூஸை மறக்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், பியூஸ்.

இனிப் பில்லுக்கு வருகிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டப்படி, நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு தந்தேயாக வேண்டும். "கேட்டால்" என்பதைக் கவனியுங்கள். கேளுங்கள். திகதி, விலை, பொருளின் பெயர், வாற் அளவு, பனலின் தொடரிலக்கம், பற்றரியின் தொடரிலக்கம் எல்லாம் அதில் வரட்டும். "வள்ளத்தில் கடல் பாவனைக்கு" என்ற சொல்லையும் எழுதச் சொல்லுங்கள். வீட்டுப் பனலின் உத்தரவாத அட்டையில் உப்புக்காற்றுச் சேதம் சேராது என்று பொடி எழுத்தில் இருக்கலாம். எழுத மறுக்கிற கடைக்காரர் அந்தப் பொருளைப் பற்றி உங்களுக்கு உண்மையைச் சொல்லிவிட்டார்.

பொருள் பழுது, உத்தரவாதத்தைக் கடை மதிக்கவில்லை என்றால் அதிகார சபைக்கு முறையிடலாம். எழுத்தில் முறையிட வேண்டும். விற்பனை நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். எங்கள் ஆட்கள் தவறுவது இந்த இடத்தில்தான். சித்திரையில் வாங்கிய பனல் ஐப்பசி மழையில் செத்தால், முறையிடும் காலம் ஆடியிலேயே முடிந்திருக்கும். எனவே வாங்கிய கிழமையே உச்சி வெயிலில் மீற்றர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ற் பனல் எதையும் இணைக்காத நிலையில் 20 வோல்ற்றுக்கு அண்மையாகக் காட்ட வேண்டும். சந்தேகம் வந்த நாளே எழுதுங்கள். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. ஆனால் அழைப்பு மட்டும் முறைப்பாடாகாது, கடிதம் வேண்டும்: உங்கள் பெயர், முகவரி, கடையின் பெயர், வாங்கிய திகதி, பழுது என்ன, என்ன வேண்டும் (மாற்றிப் பொருளா, பணமா) என்று ஒரு பக்கத்தில் எழுதி, பில்லின் பிரதியை இணையுங்கள். மூலப்பில்லை யாரிடமும் கொடுக்க வேண்டாம். கடிதத்தை மாவட்டச் செயலகத்திலுள்ள அதிகார சபை அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். "நாளைக்கு வாங்கோ" என்று திருப்பி அனுப்புகிற மேசைகளை நான் கண்டிருக்கிறேன். மூன்று மாதக் கணக்கு ஓடும்போது ஒரு தொழில் நாளை இழந்து பஸ் ஏறி வந்தவனிடம் நாளை என்பது அநியாயம். அப்படி நடந்தால் வாதாடி நிற்காமல், அன்றே தபாலகத்துக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பிச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் கடந்துவிட்டால் இணக்க சபை இருக்கிறது. உங்கள் பிரதேசத்து இணக்க சபை எந்த நாளில் எங்கே கூடுகிறது என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டு, தவிசாளருக்குக் கடிதம் கொடுங்கள். சட்டத்தரணி தேவையில்லை, இரு தரப்பும் நேரில் வந்து பேசும் இடம் அது. இணங்காவிட்டால் தீர்வின்மைச் சான்றிதழ் தருவார்கள், நீதிமன்றம் போக அது வேண்டும். அங்கேயும் முதலில் கேட்பது பில்லைத்தான்.

பனலை வள்ளத்தில் இறுக்குவதற்கு முன் அதைக் கவிழ்த்து, முதுகில் ஒட்டியிருக்கும் இலக்கத் தாளைப் போனில் படம் எடுத்து, பில்லோடு வீட்டில் வையுங்கள். பூட்டிய பிறகு அந்தத் தாள் கண்ணில் படாது, ஒரு மழைக்காலம் போனால் எழுத்தும் இருக்காது.