கடல் கடந்தவரின் எண்

கடலூர், சிதம்பரம் பக்கத்திலிருந்து கடல் கடந்து பொருள் தேடச் சென்றவர்கள் மிகப் பலர். பரங்கிப்பேட்டையிலும் புவனகிரியிலும் தெருவுக்குத் தெரு அவர்கள் வீடுகள் உண்டு. உங்களுள் சிலருடைய கல்லூரிச் சம்பளமும் அந்த உழைப்பிலிருந்து வருவதாக இருக்கலாம். அவர்களுக்கு அயல்நாட்டு அரசு கொடுக்கும் எண்ணைப் பற்றியும், அவர்களிடம் கூடுதலாகப் பிடித்த வரியைத் திரும்பப் பெறுவதைப் பற்றியும் இன்று சொல்லப் போகிறேன். வறண்ட விஷயந்தான். ஆனால் பணம் போய்விட்ட பிறகு அது வறண்டதாகத் தோன்றுவதில்லை.

சிதம்பரம் மேல வீதியில் உள்ள என் வீட்டிற்கு 2025-ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் இளைஞர் வந்தார். என்னிடம் வணிகவியல் படித்த பெண்ணின் தம்பி. இரண்டு ஆண்டுகளுக்குமேல் மலேசியாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஒரு மஞ்சள் பையிலிருந்து சம்பளச் சீட்டுகளை எடுத்து வைத்து, "முதல் ஐந்து மாதம் ஏன் சார் இவ்வளவு பிடித்தார்கள்? அப்போது கேட்க எனக்குத் தெரியவில்லை" என்றார்.

சீட்டுகளைப் பார்த்தேன். 2023 ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை மாதம் 1,500 வெள்ளி சம்பளம். அதில் 450 வெள்ளி வரியாகக் கழிந்திருந்தது. ஐந்து மாதத்தில் 2,250 வெள்ளி. நம் பணத்தில் ஏறத்தாழ 40,000 ரூபாய். அவருடைய அக்காளின் கல்யாணத்திற்கு வாங்கிய கடனுக்கு அப்போது வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

இதில் சட்டவிரோதம் ஏதுமில்லை என்பதைத்தான் முதலில் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. மலேசியச் சட்டம் வரி செலுத்துவோரை அந்நாட்டில் வசிப்பவர், வசிக்காதவர் என்று இருவகையாகப் பிரிக்கிறது. குடியுரிமையை வைத்தன்று, நாட்கணக்கை வைத்து. ஒரு காலண்டர் ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ அங்கே தங்கியவர் வசிப்பவர். வசிக்காதவருடைய சம்பளத்திற்கு 2020-ஆம் வரி ஆண்டு முதல் நூற்றுக்கு 30 வீதம் வரி. கழிவு எதுவும் கிடையாது. வசிப்பவருக்கோ முதலில் 9,000 வெள்ளி சொந்தக் கழிவு உண்டு. மிச்சத்திலும் முதல் 5,000 வெள்ளிக்கு வரியே இல்லை. ஆகஸ்டில் போய் இறங்கியவர் அவ்வாண்டில் 182 நாளை எட்ட முடியாது. ஆகையால் முதலாளி 30 வீதம் பிடித்தார்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் நான் இன்று உங்கள்முன் பேச வேண்டியதில்லை. அதே சட்டத்தில் ஒரு சலுகை இருக்கிறது. முதல் ஆண்டில் தங்கிய நாட்கள் குறைவாக இருந்தாலும், அவை இடைவெளியின்றித் தொடர்ந்து, அடுத்த ஆண்டில் 182 நாட்களுக்குக் குறையாத தொடர்ச்சியான வாசத்தோடு இணையுமானால், முதல் ஆண்டிலும் அவர் வசிப்பவராகவே கருதப்படுவார். அவருடைய ஐந்து மாதச் சம்பளம் 7,500 வெள்ளி, கழிவோ 9,000. ஆக, வரி ஒரு காசுமில்லை. பிடித்த 2,250 வெள்ளியும் திரும்பி வர வேண்டிய பணம்!

"நான் 2024 பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்கு வந்தேனே சார், தொடர்ச்சி அறுந்துவிட்டதா?" என்று கவலையோடு கேட்டார். நல்ல கேள்வி. உறவினரைப் பார்க்கச் சென்று வந்த நாட்கள் மொத்தம் பதினான்குக்கு மேற்படாவிட்டால் தொடர்ச்சி அறுவதில்லை. இருபது நாள் தங்கியிருந்தால் அந்தப் பொங்கல் அவருக்கு 40,000 ரூபாய்ப் பொங்கலாக முடிந்திருக்கும்.

ஆனால் பணம் தானே நடந்து வராது. வரி எண்ணைக் குறித்துக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். "எண் என்ன?" என்றேன். அப்படியொன்று தமக்கு இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

இவ்விடத்தில் சற்றுப் பழங்கதை சொல்ல அனுமதியுங்கள். கடல் கடந்த தமிழனுக்கு எண் புதிதன்று. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் தென்னார்க்காட்டார் பலர். ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஓர் எண். ஒப்பந்தம் தீர்ந்த பின்னும் அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி என்று 1895-இல் சட்டம் வந்தது. சத்தியாக்கிரகத்திற்குப் பின் 1914-இல் நீங்கிற்று. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோர்க்கோ எண் பொறித்த தகரத் துண்டு. அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு போனார்கள். அந்த எண்களெல்லாம் ஆளைக் கண்டுபிடிக்கத் துரைமார்க்குப் பயன்பட்டவை. அவற்றைக் காட்டிக் கூலி எதையும் கேட்டு வாங்க முடியாது. இன்றைய வரி எண் அப்படியன்று. உடையவர் அதைக் காட்டி அரசாங்கத்தையே கேட்கலாம். தெரிந்திருந்தால்தான்.

மஞ்சள் பையை முழுவதும் கவிழ்த்தோம். முதலாளி ஆண்டுதோறும் பிப்ரவரி முடிவதற்குள் தர வேண்டிய 'இ.ஏ.' என்னும் வருமானச் சான்று அடியில் கிடந்தது. பின்பக்கத்தில் யாரோ மளிகைக் கணக்கு எழுதியிருந்தார்கள், முன்பக்கத்தில் 'ஐ.ஜி.' என்று தொடங்கும் வரி எண் இருந்தது. முத்திரைகள் குத்திய பழைய பாஸ்போர்ட் புவனகிரி வீட்டுப் பரணில் அகப்பட்டது. நாட்கணக்கிற்கு அந்த முத்திரைகளே சாட்சி. இடையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்ததால் அதன் எண் மாறிவிட்டது. வரி எண் மாறவில்லை. இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

எஞ்சிய தொல்லை ஒன்று. ஊர் திரும்புமுன் அவர் அங்குள்ள வங்கிக் கணக்கை மூடிவிட்டார். திரும்பத் தரும் வரி பெரும்பாலும் அந்நாட்டு வங்கிக் கணக்கிற்கே போகிறது. எனவே கணக்கைத் தாக்கல் செய்ததோடு, பணத்தை வேறு வழியில் தருமாறு உள்நாட்டு வருமான வரி வாரியத்திற்குத் தனியே எழுதவும் நேர்ந்தது. நான் இதைச் சொல்லும் இந்நாள்வரை பணம் வரவில்லை, நம்பிக்கையோடு இருக்கிறோம்.

சிங்கப்பூரில் கணக்கு வேறு. அங்கே வசிப்பவராகக் கருதப்படுவோரின் வரிக்குரிய ஆண்டு வருமானத்தில் முதல் 20,000 டாலருக்கு வரியில்லை. வளைகுடா நாடுகளில் இன்று சம்பளத்திற்கு வரி கிடையாது. ஆயினும் வளைகுடாவிலிருப்பவர் நம்மூர் வங்கியில் 'என்.ஆர்.ஓ.' கணக்கில் போட்ட வைப்புக்கு வட்டி 10,000 ரூபாய் வந்தால், மேல்வரி சேர்த்து 3,120 ரூபாயை வங்கி பிடித்துக்கொள்ளும். இந்தியாவில் அவருடைய மொத்த வருமானம் வரி வரம்பை எட்டவில்லையென்றால், 'பான்' எண்ணைக் கொண்டு கணக்குத் தாக்கல் செய்து அதையும் திரும்பப் பெறலாம்.

அந்த இளைஞரின் தம்பியும் ஈப்போவுக்குப் புறப்படுகிறார். சென்ற வாரம் அண்ணனோடு வந்திருந்தார். 2025 அக்டோபர் முதல் அங்கே அயல்நாட்டுத் தொழிலாளருக்கும் சேமநிதியில் நூற்றுக்கு இரண்டு வீதம் பிடிக்கிறார்கள். முதலாளியும் அதே அளவு போட வேண்டும். அதற்கும் தனி எண் உண்டு என்றேன். தம்பி ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்தில் பாஸ்போர்ட் எண் எழுதியிருந்தது. அதன் கீழே வரி எண்ணுக்கும் சேமநிதி எண்ணுக்கும் இரண்டு வரிகள் காலியாக விட்டிருந்தார். அண்ணன் அதை வாங்கி, மூன்றாவதாக ஒரு வரியில், "வங்கிக் கணக்கை மூடாதே" என்று எழுதிக் கொடுத்தார்.