தொடைநடுங்கி ஹீரோ வாழ்க!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் என் ரூம்மேட்டுக்கு சூப்பர் ஹீரோ என்றால் பறக்கணும். எனக்கோ பயப்படணும்!

2012-ல் 'முகமூடி'யில் ஜீவா குங்ஃபூ கற்று முகமூடி மாட்டினார். மனசில் ஒட்டலை. 2023-ல் வந்த 'மாவீரன்' சிவகார்த்திகேயன் சரியான பயந்தாங்கொள்ளி. அவருக்கு மட்டும் கேட்கும் விஜய் சேதுபதி குரல்தான் வம்பில் மாட்டிவிடுகிறது. அடடா, நம்மாளு! ஓவர்டைம் பாக்கி கேட்க மேனேஜர் ரூம் வாசல்வரை போய்த் திரும்பினேனே, அன்றைக்கு எனக்கு ஒரு குரலும் கேட்கலையே சார்!

அதே வருஷம் 'போர் தொழில்'. கொலைகாரனைத் தேடும் அசோக் செல்வனும் பயந்த சுபாவம்தான். 'ராட்சசன்' (2018) பொம்மைத் தலையைவிட இது என்னை உலுக்கியது. கொலைகாரன் யாரென்று சொல்ல மாட்டேன். படம் பார்த்த ராத்திரி ஸ்டேஷனிலிருந்து தனியாக நடக்கவில்லை. ரூம்மேட் ஷிஃப்ட் முடிந்து வரும்வரை டீக்கடையில் மூணு டீ!