நூறு அலைக்கு ஒரு புள்ளி

வீட்டு ப்ளக்கில் வருகிற 230 வோல்ட் ஒரே இடத்தில் நிற்கிற ஆசாமி இல்லை. ஏறும், இறங்கும், எதிர்ப்பக்கம் திரும்பும். செகண்டுக்கு 50 தடவை இந்தக் கூத்து. 230 என்பது ஒரு மாதிரியான சராசரிக் கணக்கு. அலை ஒழுங்காக இருந்தால் அதன் உச்சி சுமார் 325 வோல்ட்.

கோணல்மாணலாக இருந்தால்? மீட்டர் சமர்த்தாக அதே 230-ஐக் காட்டும். உச்சி மட்டும் எகிறியிருக்கும். மோட்டார் காயிலின் இன்சுலேஷனைப் பதம் பார்ப்பது அந்த உச்சிதான். அதனால் எண் போதாது, அலையின் முகத்தையே பார்த்தாக வேண்டும் என்று அந்தக் கால இன்ஜினீயர்கள் தவித்தார்கள்.

1880-ல் பிரான்ஸில் ழூபேர் என்பவர் ஒரு வழி சொன்னார். சுழலும் ஜெனரேட்டரின் ஒரு குறிப்பிட்ட நிலையில் மட்டும் வோல்டேஜை அளந்து குறித்துக்கொள். பிறகு கொஞ்சம் தள்ளி இன்னொரு புள்ளி. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துக் கோடு போடு. சரிதான், ஆனால் பென்சில் பிடித்தவர் பாடு திண்டாட்டம்.

இந்த குமாஸ்தா வேலையை மெஷினிடம் தள்ளியவர் ஓஸ்பிதாலியே. அவரும் பிரெஞ்சுக்காரர். கருவியின் பெயர் ஆண்டோகிராஃப். இது சுமார் நூறு அலை போனதும் ஒரே ஒரு கணம் கப்பாசிட்டருக்குக் கொஞ்சம் மின்சாரம் ஊட்டும். அதை கால்வனாமீட்டர் வழியாக வடித்துவிடும். முள்ளோடு சேர்ந்த பேனா, சுற்றும் காகிதத்தில் கோடு இழுக்கும். அடுத்த முறை அலையில் ஒரு இம்மி தள்ளி எடுக்கும். கண்மூடித் திறப்பதற்குள் ஓடுகிற அலை, காகிதத்தில் நிதானமாக எழுந்து வரும்.

புரியவில்லையா? எங்கள் ஊருக்கு வாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலும் ஒரு திருவண்ணாமலை இருக்கிறது. கிரிவலத் திருவண்ணாமலை வேறு. இங்கே குன்றின் மேல் ஸ்ரீனிவாசப் பெருமாள். 'தென் திருப்பதி' என்பார்கள். சனிக்கிழமைக் கூட்டம் காலையிலிருந்து மாலைவரை எப்படி ஏறி இறங்குகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆனால் வாரத்துக்கு ஒரு நிமிஷம்தான் ஒழிகிறது. பரவாயில்லை. முதல் சனிக்கிழமை காலை 6 மணிக்குப் போய்த் தலைகளை எண்ணுங்கள். அடுத்த வாரம் 6.15. அதற்கடுத்து 6.30. வருஷம் முடிவதற்குள் மாலை வந்துவிடும். 52 சனிக்கிழமைகளில் திருடிய நிமிஷங்கள் சேர்ந்து, ஒரே சனிக்கிழமையின் கிராஃப் ரெடி.

எல்லாச் சனிக்கிழமையும் ஒரே மாதிரி இருந்தால்!

நடுவில் புரட்டாசி வருமே, ஸார்? அந்த நாலைந்து சனிக்கிழமைகளில் மலையடிவாரமே தலைகளாகத் தெரியும். உங்கள் கிராஃபைப் பார்க்கிறவர், 'வருஷம் பூரா பகல் மூன்று மணிக்கு இங்கே நெரிசல்' என்று சத்தியம் செய்வார்.

ஆண்டோகிராஃபின் பலவீனமும் இதுதான். திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருகிற அலையைத்தான் அது நம்பகமாக வரையும். ஸ்விட்ச் போடும்போது பாய்கிற ஒற்றைத் துள்ளல், இடி விழுந்த அதிர்ச்சி எல்லாம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நழுவிவிடும். காயிலை எரிப்பதில் அந்த மாதிரி ஆசாமிகளுக்கும் பங்கு உண்டு.

அதற்கு வேறு கருவி இருந்தது. 1897-லேயே இங்கிலாந்தின் டட்டெல், காந்தத்தின் நடுவே மெல்லிய கம்பிகளில் குட்டிக் கண்ணாடி ஒட்டி, அதில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தை ஃபிலிமில் விழவைத்தார். ஒற்றை அலையும் அதில் சிக்கியது. பின்னால் பிக்சர் ட்யூப் வைத்த ஆஸிலாஸ்கோப் வந்தது. ஆண்டோகிராஃப் மியூஸியத்துக்குப் போயிற்று.

யுக்தி மட்டும் சாகவில்லை. நேராகப் பிடிக்கவே முடியாத அதிவேக அலைகளை, ஸாம்ப்ளிங் ஆஸிலாஸ்கோப்புகள் இன்றும் இப்படித்தான் புள்ளி புள்ளியாகத் திருடுகின்றன. அதே சாமர்த்தியம், அதே பலவீனம்.

வீட்டில் மிக்ஸி மக்கர் பண்ணுகிறது. மெக்கானிக் வந்து நின்றதும் ஜம்மென்று ஓடுகிறது. அவர் மேல் கோபப்படாதீர்கள். பாவம், அவரும் நூறு அலைக்கு ஒரு புள்ளி!