இலை போட்டுச் சேர்த்த பணம்

உலைக்கு அரிசி களையும்போது, படியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனியே ஒரு பானையில் போட்டு வைக்கும் வழக்கம் நம் பாட்டிமார் காலத்தில் இருந்தது. 'பிடியரிசி' என்று அதற்குப் பெயர். ஒரு பிடி குறைந்தது சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. மாதக் கடைசியில் பானையைக் கவிழ்த்துப் பார்த்தால் ஒரு படி, இரண்டு படி தேறும். கோயில் காரியத்துக்கோ, அநாதை விடுதிக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ அது போய்ச் சேரும். புருஷரிடம் கைநீட்டிக் காசு கேட்காமல், பெண் தன் இஷ்டப்படி கொடுக்கக்கூடிய தர்மமாக அது இருந்தது.

இந்தியாவின் வடகிழக்கு மூலையிலே மிஸோரம் மலைநாட்டுக் கிறிஸ்தவப் பெண்கள் 1910-ம் ஆண்டில் இதே காரியத்தை ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் அது நின்றபாடில்லை. அந்த ஒரு பிடி அரிசி சேர்ந்து சேர்ந்து, அங்கே சபையின் ஊழியச் செலவில் கணிசமான பங்கைத் தாங்குகிறது என்றால் ஆச்சரியமாக இல்லையா?

அடுப்பங்கரைக்கும் பொதுநிதிக்கும் இப்படி ஒரு பழைய உறவு உண்டு. அந்த உறவை நன்றாகப் பார்க்க வேண்டுமானால், வாசகிகளே, புதுக்கோட்டைச் சீமைக்கு ஒரு நடை போய் வருவோம், வாருங்கள்!

அரிசியும் அம்மன் காசும்

புதுக்கோட்டை 1948-ம் ஆண்டு மார்ச் மாதம் வரையில் தொண்டைமான் அரசர்களின் சமஸ்தானமாக இருந்தது. தனி மாவட்டமானது 1974-ல்தான். சமஸ்தான காலத்தில் நவராத்திரி வந்தால் அரிசி தானம் நடக்கும். அரிசியோடு சின்னஞ்சிறு செப்புக் காசு ஒன்றும் கொடுப்பார்கள். ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவம். மறுபக்கம் 'விஜய' என்று தெலுங்கு எழுத்து. அதுதான் பெயர்பெற்ற அம்மன் காசு. வெறும் அரிசியாகக் கொடுக்காமல், கூட்டுக் குழம்புக்கும் ஆகட்டும் என்று காசும் சேர்த்துக் கொடுத்த மனசைப் பாருங்கள்!

ஆனால் இது மேலேயிருந்து கீழே வந்த தானம். கொடுப்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் ஒரு பக்கம். இருவரும் ஒரே பந்தியில் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இனிமேல் பார்க்கப் போகிறோம்.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு விருந்து

ஆடியும் ஆவணியும் வந்துவிட்டால் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், குளமங்கலம் வட்டாரமெங்கும் பந்தல்களும் அழைப்பிதழ்களுமாக அமர்க்களப்படும். பக்கத்திலே தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணியிலும் அப்படித்தான். கல்யாணமா என்று பார்த்தால் மணமக்கள் பெயர் இராது. 'மொய் விருந்து' என்று மட்டும் போட்டிருக்கும்.

தனியாக ஒரு குடும்பம் நடத்தினால் செலவு கட்டாது. ஆகவே பத்து, இருபது பேர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துகிறார்கள். ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் தடபுடலாக இருக்கும். மரக்கறிக்காரர்களுக்குத் தனி இலை. சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்தால், ஒவ்வொருவர் பெயரும் எழுதித் தொங்கவிட்ட மேஜைகள் வரிசையாகக் காத்திருக்கும். அங்கே நோட்டும் பேனாவுமாக ஆட்கள். உங்கள் பெயர், ஊர், தொகை எல்லாம் எழுதப்படும். சமீப ஆண்டுகளில் பணம் எண்ணும் இயந்திரமும் கம்ப்யூட்டரும்கூட வந்துவிட்டன. பெரிய விருந்துகளில் வசூல் கோடி ரூபாயைத் தொடுவதுண்டு.

1992-ல் வந்த 'சின்னக் கவுண்டர்' படத்தைப் பார்த்தவர்களுக்கு, கடன் தீர்க்க விருந்து வைத்து, சாப்பிட்டவர்கள் இலைக்கு அடியில் பணத்தை வைத்துவிட்டுப் போகும் காட்சி நினைவிருக்கும். இங்கே இலைக்கு அடியில் ஒளிப்பது கிடையாது. எல்லாம் பகிரங்கம்!

இதிலுள்ள சூட்சுமம் என்ன தெரியுமா? நான் உங்கள் விருந்துக்கு ஆயிரம் ரூபாய் எழுதினால், என் முறை வரும்போது நீங்கள் அந்த ஆயிரத்தைத் திருப்பி, மேலும் ஒரு தொகையைப் புது மொய்யாக எழுத வேண்டும். ஒருவருக்கு முறை வருவது சுமார் 5 ஆண்டுக்கு ஒரு தடவை. கையெழுத்து, ஜாமீன், அடமானம் எதுவும் இல்லாமல் மொத்தமாகப் பணம் கிடைக்கிறது. அதிலே ஆழ்குழாய்க் கிணறு இறங்குகிறது. பிள்ளை காலேஜில் சேருகிறான். பெண்ணின் கல்யாணம் நடக்கிறது. கந்துவட்டிக்காரரின் வாசலை மிதிக்காமல் ஒரு குடும்பம் தப்பிக்கிறது. பாங்கியின் படிவங்களைப் பார்த்தாலே பயப்படுகிற ஏழைக் குடியானவருக்கு இது எத்தனை பெரிய அநுகூலம்!

ஆனால் நாணயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வாங்கிய மொய்யைத் திருப்பி எழுதாவிட்டால் ஊரிலே தலைகாட்ட முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னைகளை வேரோடு சாய்த்துப் போட்டது. வருமானம் போனாலும் நோட்டிலே எழுதிய எழுத்து போகவில்லை. அந்தக் காயம் ஆறுமுன் 2020-ல் கொரோனா வந்து பந்தலையே நிறுத்திவிட்டது. விருந்து வைத்தால்தானே கொடுத்தது திரும்பி வரும்? வைக்க முடியாதவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. அண்டை வீட்டு விசேஷ அழைப்பிதழைப் பார்த்ததும் சந்தோஷத்துக்குப் பதில் நெஞ்சு படபடத்தால், அது விருந்தா, தவணையா?

இதே மண்ணில் வேறொரு மொய் விருந்தும் நடந்தது. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் தத்தளித்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்துத் தேநீர்க் கடைக்காரர் ஒருவர் மொய் விருந்து அறிவித்தார். தேநீருக்கு விலையில்லை, குடித்தவர்கள் மனம்போலப் பணம் போடலாம். போட்டவர்களுக்கு அது திரும்பி வரப்போவதில்லை. எல்லாம் வெள்ளம் பாதித்தவர்களுக்கு! நோட்டு இல்லாத மொய் அது.

கோயில் வளாகத்தில் கோட்டை அடுப்பு

நோட்டு இல்லாத விருந்துக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் ஒரு பழைய பெயர் உண்டு. 'அசனம்' என்பார்கள். உணவு என்றுதான் அந்த வடசொல்லுக்குப் பொருள். தென் மாவட்டங்களில் புனித அந்தோனியார் திருத்தலங்களுக்குப் போனால், நேர்ந்துகொண்ட காரியம் கைகூடியவர்கள் வந்தவர்களுக்கெல்லாம் அசனம் போடுவதைப் பார்க்கலாம். பாளையங்கோட்டையில் ஜனவரி மாதத்து ஸ்தோத்திரப் பண்டிகையில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடி உண்ணும் அசன விருந்து பிரசித்தம்.

புதுக்கோட்டைச் சீமையும் இதற்குப் புதிதல்ல. விராலிமலை வட்டாரத்து ஆவூர், வீரமாமுனிவர் பணிபுரிந்த பெருமையுடைய ஊர். அங்குள்ள மாதா கோயில் 1747-ல் எழும்பியது. ஈஸ்டரை ஒட்டிப் பாஸ்கு நாடகமும் தேரோட்டமும் நடக்கும். தேர் ஓடுகிற ஊரில் விருந்தாளி வராத வீடு ஏது?

அசனம் நடத்துவது சாதாரணக் காரியமல்ல. ஒருவர் ஒரு மூட்டை அரிசி தருவார்; இன்னொருவர் ஒரு கிடா; மற்றொருவர் தோப்பிலிருந்து தேங்காய். ஒன்றுமில்லாதவர் விறகு பிளக்க வருவார். முதல்நாள் இரவே பெண்கள் கூட்டம் அரிவாள்மணையும் முறமுமாக வந்து உட்கார்ந்துவிடும். வெங்காயம் உரித்துக் கண்ணீர் விட்டுக்கொண்டே சிரிக்கும் சிரிப்பை அங்கேதான் கேட்க வேண்டும்! விடிவதற்குள் கோட்டை அடுப்பில் அண்டாக்கள் ஏறிவிடும். ஆராதனை முடிந்து ஐயரோ, கத்தோலிக்கர்களானால் சாமியாரோ ஜெபம் பண்ணி ஆசீர்வதித்ததும் பந்தி ஆரம்பம். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. மூட்டை கொடுத்தவருக்கும் வெறுங்கையோடு வந்தவருக்கும் ஒரே சோறு, ஒரே குழம்பு.

நிதி சேர்க்க வேறு வழி இருக்கிறது. அறுப்பின் பண்டிகை வந்தால், சபையார் தங்கள் வீட்டில் விளைந்ததையும் செய்ததையும் கொண்டுவந்து படைப்பார்கள். பூசணிக்காய், வாழைத்தார், கோழி, அதிரசம், முறுக்கு எல்லாம் ஏலத்துக்கு வரும். ஐம்பது ரூபாய் பெறாத காய் ஐந்நூறுக்குப் போகும். ஏலம் எடுத்தவர் அதையே திரும்பக் கொடுத்துவிட, மறுபடியும் ஏலம்! ஒரே பூசணிக்காய் நாலு தடவை விற்ற பிறகு யார் வீட்டுச் சாம்பாருக்காவது போய்ச் சேரும். கோயில் கூரைக்கு ஓடும், ஏழைப் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளமும் இப்படிப் பிறந்தவை ஏராளம்.

யார் சமைத்தது?

எல்லாம் இனிப்பாகவே இருந்துவிட்டால் கதை ஏது? கூடி உண்பதில் உள்ள கசப்பையும் சொல்லத்தான் வேண்டும்.

கிறிஸ்தவ சபை தோன்றிய சில காலத்திலேயே சாப்பாட்டில் தகராறு வந்துவிட்டது. அன்றாடப் பங்கீட்டில் தங்கள் விதவைகளைக் கவனிக்கவில்லை என்று கிரேக்கம் பேசியவர்கள் முறையிட்டார்கள். பந்தி விசாரிப்பதற்கென்றே ஏழு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் இது இருக்கிறது. கொரிந்து பட்டணத்திலோ வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, ஏழைகள் பசியோடு நின்றார்கள். பவுல் அவர்களைக் கடிந்து, ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும்படி எழுதினார்.

நம் நாட்டில் தகராறு வேறு உருவத்தில் வந்தது. ஞானஸ்நானம் பெற்ற பிறகும் ஜாதியை விடாதவர்கள் இருந்தார்கள். கோயிலில் உட்காரும் இடம் வேறு, தண்ணீர்ப் பானை வேறு. 1847-ல் அமெரிக்கன் மதுரை மிஷன் ஒரு கடுமையான நிபந்தனை விதித்தது: சபையார் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒரே உணவை உண்ண வேண்டும் என்று. மறுத்தவர்கள் விலக்கப்பட்டார்கள், உபதேசிமார்களும் அதில் உண்டு. 1850-ல் சென்னையில் கூடிய மிஷனெரி மாநாடும், தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை உண்பதே ஜாதியை விட்டதற்கு அத்தாட்சி என்ற கருத்தில் தீர்மானம் செய்தது. லைப்சிக் லுத்தரன் மிஷனார் இதற்கு உடன்படவில்லை. பலவந்தமாக இதைச் செய்யக்கூடாது என்றார்கள். புதுக்கோட்டை அந்த லைப்சிக் மிஷன் வேலை செய்த ஊர்களில் ஒன்று. அதன் வழிவந்த சபைதான் 1919-ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாயிற்று.

பரீட்சைக்காகச் சாப்பிடுவது விருந்தாகுமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் மனசு மாறட்டும் என்று காத்திருந்தால், அதுவரை பந்திக்கு வெளியே நின்றவர்களின் பசிக்கு யார் பதில் சொல்வது? அதுவும் நியாயமான கேள்விதானே! ஒன்று மட்டும் நிச்சயம். ஒருவர் மனசைத் தெரிந்துகொள்ள அவர் ஜெபத்தைக் கேட்க வேண்டாம்; யார் சமைத்ததை, யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று பார்த்தால் போதும். நம் எல்லோருக்கும் இது பொருந்தும், எந்தக் கோயிலுக்குப் போகிறவராக இருந்தாலும் சரி.

கடைசிப் பந்தி

இன்னொரு பாகுபாடு உண்டு. அதை யாரும் பாகுபாடாகவே நினைப்பதில்லை. இரவெல்லாம் காய் நறுக்கியவர்கள், அண்டாவோடு போராடியவர்கள், இலை எடுத்தவர்கள் கடைசியில்தான் உட்காருவார்கள். அப்போது கூட்டு தீர்ந்திருக்கும், ரசம் ஆறியிருக்கும், அப்பளம் கிடைக்கவே கிடைக்காது. 'பந்திக்கு முந்து' என்று பழமொழி சொன்னவர்கள் பெண்களை நினைத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது! மேடையில் நன்றியுரை கூறுகிறவர் பந்தல்காரர், ஒலிபெருக்கிக்காரர் வரை பெயர் சொல்லிவிட்டு, 'மற்றும் தாய்மார்கள்' என்று முடித்துக்கொள்வார்.

உங்கள் சங்கத்தில் விருந்தா?

வாசகிகளில் பலர் மாதர் சங்கத்திலோ, கோயில் கைங்கரியத்திலோ, சபைப் பெண்கள் ஐக்கியத்திலோ இருப்பீர்கள். நிதி திரட்ட ஒரு விருந்து வைக்கலாம் என்று என்றைக்காவது யோசனை வரும். அப்போது இவற்றை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

நூறு பேர் முழுச் சாப்பாட்டுக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு கிலோ அரிசி வேண்டியிருக்கும். முதலில் செலவைக் கணக்கிட்டு, அதைப் பொருளாகவே கேட்டு வாங்கிவிடுங்கள். அப்புறம் வருகிற காசெல்லாம் காரியத்துக்கு மிஞ்சும்.

பெட்டி ஒன்றை வையுங்கள். கொடுத்தவர் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்காதீர்கள். வாசித்தால் இல்லாதவர் அடுத்த தடவை வரமாட்டார். ஆனால் மொத்த வரவு செலவை மட்டும் எல்லோருக்கும் தெரியும்படி எழுதி ஒட்டுங்கள். யார் கொடுத்தார் என்பது ரகசியமாக இருக்கட்டும். எங்கே போயிற்று என்பது பகிரங்கமாக இருக்கட்டும்.

பெரிய மனிதர்களுக்கென்று முன்வரிசையில் நாற்காலி போடாதீர்கள். வந்த வரிசையில் எல்லோரும் உட்காரட்டும்.

கடைசியாக ஒன்று. சமைத்தவர்களுக்கும் பரிமாறியவர்களுக்கும் வேண்டியதை முதலிலேயே தனிப் பாத்திரத்தில் எடுத்து மூடி வையுங்கள், அப்பளம் உட்பட! அவர்கள் உட்காரும்போது, முதல் பந்தியில் சாப்பிட்ட ஆண்கள் நாலு பேர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரிமாற வரட்டும். குழம்பை இலைக்கு வெளியே ஊற்றினாலும் பரவாயில்லை. அன்றைய வசூலில் அதையும் ஒரு வரவாகச் சேர்த்துக்கொள்ளலாம்!